மழலையர் பள்ளி விழாவுக்கு ஆட்டப் பாட்டு: எதைப் பார்த்து எடுப்பது?

மணிச்சத்தம்

மூன்று குழு. இரண்டரை முதல் மூன்று வயது வரை 10 பிள்ளைகள், மூன்றிலிருந்து நான்கு 14 பேர், நான்கிலிருந்து ஐந்து 18 பேர். மேடை 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம். ஒத்திகைக்கு நான்கு வாரம் இருக்கிறது.

பாட்டுப் பெயர்ப் பட்டியல் வேண்டாம், அது வருஷா வருஷம் மாறும். ஒரு பாட்டைக் கேட்டவுடன் "இது ஆகும், இது ஆகாது" என்று சொல்ல என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள்? வேகம், நீளம், வரிகள், வெட்டுவது, ஒலி எல்லாவற்றையும் பற்றிச் சொல்லுங்கள். ஆடுகிற பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்ததுதான் பார்க்கிறவர்கள்.

தாளக்கட்டு

முதலில் வேகம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 30 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 120.

இந்த வயதுக்கு 110க்கும் 130க்கும் நடுவே உள்ள பாட்டுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். பெரியவர்கள் இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "சின்னப் பிள்ளைகள்தானே, மெதுவான பாட்டு போதும்" என்று 85, 90இல் ஒன்றை எடுப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை சாதாரணமாக நடக்கும்போதே நிமிடத்துக்கு 150 அடி பக்கம் வைக்கும்; பெரியவர் வைப்பது 110, 115. கால் குட்டையானது, அதனால் அடி வேகமானது. 90இல் ஓடும் பாட்டுக்குத் தட்டுக்கு ஓர் அடி வைக்கச் சொன்னால் ஒற்றைக் காலில் அதிக நேரம் நிற்க வேண்டிவரும். அந்தச் சமநிலை இன்னும் வந்திருக்காது. தள்ளாடும், அல்லது தாளத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும். பார்க்கிறவர்களுக்கு "பிள்ளைக்குத் தாளம் வரவில்லை" என்று தோன்றும். உண்மையில் பாட்டுதான் அதன் காலுக்குப் பொருந்தவில்லை.

140க்கு மேலும் சிக்கல்தான். கை தட்ட முடியும், ஆனால் உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்ற நேரம் கிடைக்காது.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரே பாட்டை 80 என்றும் எண்ணலாம், 160 என்றும் எண்ணலாம். அதனால் வேகம் எண்ணும் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எழுந்து நின்று நீங்களே நடந்து பாருங்கள். கால் எந்தத் தட்டில் இயல்பாக விழுகிறதோ அதுதான் அந்தப் பாட்டின் வேகம். 160 பாட்டில் கை தட்டுவதை ஒவ்வொரு தட்டுக்கும், முழங்கால் மடக்கி எழுவதை ஒன்று விட்டு ஒன்றுக்கும் கொடுத்துத் தப்பிக்கலாம். 80இல் அப்படி வழியில்லை என்று நினைக்காதீர்கள்: இரட்டை வேகத்தில் எண்ணுங்கள்; மணி, கஞ்சிரா போல ஏதாவது ஒன்று அந்த நடுத்தட்டைக் காதில் விழும்படி தட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஆகும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சின்னக்கால்

தாளக்கட்டு வேகத்தச் சொல்லிட்டாங்க. நான் காலச் சொல்றேன். பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி, அந்தக் குழுவுக்கு எந்த அசைவு வரும்னு ஒரு தாளில் எழுதி வச்சுக்கோங்க. பாட்டு அதுக்குள்ள அடங்கணும்.

இரண்டரை வயசு: கை தட்டறது, கைய மேல தூக்கறது, ஆட்டறது, முழங்கால் மடக்கி எழறது, உக்காந்து எழறது, நின்ன இடத்துல மிதிக்கறது. ரெண்டு காலையும் சேர்த்து ஒரு குதி வரும். ஆனா தொடர்ந்து தாளத்துல எட்டுக் குதி வராது.

மூணு, நாலு: தொடர்ந்து குதிக்கறது, விரல் நுனியில நடக்கறது, குதிரை ஓட்டம், பக்கவாட்டுல நகர்றது (இது கொஞ்சம் திணறும்). வலது கையால இடது தோளைத் தொடற மாதிரி உடம்பின் நடுக்கோட்டத் தாண்டற அசைவு இப்பத்தான் நிலைக்க ஆரம்பிக்கும். அதை வேகமாக் கேக்காதீங்க.

நாலு, அஞ்சு: ஒத்தக் காலுல நொண்டி, சுத்தறது, ஜோடி சேர்ந்து கைகோத்து ஆடறது. நொண்டியையும் நடையையும் மாத்தி மாத்திப் போடற துள்ளல் நடை இருக்கே, அது நிறைய பிள்ளைங்களுக்கு அஞ்சு தாண்டித்தான் கைவரும். அத வச்சு ஆட்டம் கட்டினா பாதிப் பேர் குதிரை ஓட்டம்தான் ஓடுவாங்க. ஓடட்டும், தப்பே இல்ல. ஆனா அதுக்கேத்த பாட்டா எடுங்க.

எத்தனை ஸ்டெப்? இரண்டரைக்கு மூணு. மூணு–நாலுக்கு நாலு அல்லது அஞ்சு. பெரிய குழுவுக்கு ஆறு, ரொம்பப் போனா ஏழு. ஒரு ஸ்டெப்ப எட்டு எண்ணிக்கைக்குள்ள மாத்தாதீங்க. சின்னக் குழுவுக்குப் பதினாறு எண்ணிக்கை வரைக்கும் ஒரே ஸ்டெப் ஓடட்டும். "போரடிக்குமே"ன்னு கேப்பீங்க. போரடிக்கறது நமக்கு.

மணிச்சத்தம்

நன்றி. நீளம்? பெற்றோர் "ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடுச்சே" என்று குறைப்படுகிறார்கள்.

தாளக்கட்டு

இரண்டரை வயதுக் குழு: 60 முதல் 90 விநாடி. நடுக் குழு: ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம். பெரிய குழு: இரண்டு, அதிகபட்சம் இரண்டரை. அதற்கு மேல் போனால் முன்வரிசை உட்கார்ந்துவிடும்.

கணக்கு இப்படி: 120 வேகத்தில் ஓர் எட்டு (எட்டுத் தட்டு) 4 விநாடி. இரண்டு நிமிடம் என்றால் 30 எட்டு. இதைத் தாளில் கட்டம் போட்டு நிரப்புங்கள். நடுக் குழுவுக்கு ஒரு மாதிரி:

முன்னிசை 2 எட்டு (நின்று அசைவது மட்டும்), பல்லவி 4 எட்டு, இடையிசை 4 எட்டு, பல்லவி 4, சரணம் 8, பல்லவி 4, முடிவு 4. மொத்தம் 30. பல்லவிக்கு எப்போதும் அதே ஆட்டம். சரணத்துக்கு இரண்டே ஸ்டெப், மாற்றி மாற்றி. இடையிசைக்கு ஒரு விளையாட்டு: உறைந்து நிற்பது, உட்கார்ந்து எழுவது இப்படி ஏதாவது.

பல்லவி மூன்று முறை திரும்பி வருவதுதான் பிள்ளைக்கு ஊன்றுகோல். சரணத்தில் தொலைந்தாலும் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளும். பல்லவி ஒரே ஒரு முறை வருகிற பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒலிப்பெட்டி

சினிமாப் பாட்டில் இன்னொரு பொறி உண்டு. நாலரை நிமிடப் பாட்டில் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் பெரும்பாலும் வேறு வேறு. முதல் சரணம் வரை கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இரண்டாவது இடையிசை புதிய பாட்டாகத்தான் கேட்கும். அதனால் இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம் இரண்டையும் தூக்கிவிட்டு, முதல் சரணத்துக்குப் பின் வரும் பல்லவியிலிருந்து கடைசிப் பல்லவிக்குத் தாவுங்கள்.

வெட்டும் முறை: வெட்டு எட்டின் முதல் தட்டில் விழ வேண்டும். வரி தொடங்கும் இடத்தில் வெட்டினால் பல நேரம் பிசகும். பாடகர் தட்டுக்கு முன்னாலோ பின்னாலோ எடுத்திருப்பார். மத்தளமோ டிரம்ஸோ அடிக்கும் இடத்தை அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பார்த்து, அந்த முனைக்குக் கொஞ்சம் முன்னால் வெட்டுங்கள். இரண்டு துண்டையும் 10, 20 மில்லி விநாடி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி இணைத்தால் "டிக்" சத்தம் வராது. ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும்.

வேகம் குறைக்க வேண்டுமானால் அதில் "சேஞ்ச் டெம்போ" பயன்படுத்துங்கள், சுருதி மாறாது. "சேஞ்ச் ஸ்பீட்" போட்டால் பாடுகிறவர் குரல் தடித்துவிடும். 10 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் தாள வாத்தியத்தின் அடி மழுங்கி, தட்டு எங்கே என்று தெரியாமல் போகும். 138 பாட்டை 125க்குக் கொண்டுவரலாம். 150ஐ 120 ஆக்க முயல்வதைவிட வேறு பாட்டு தேடலாம்.

முடிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்து முடியும் பாட்டு பிள்ளைகளுக்கு ஆகாது. பாட்டு முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் பாதிப் பேர் ஆடிக்கொண்டும் பாதிப் பேர் இறங்கிக்கொண்டும் இருப்பார்கள். "டம்" என்று ஓர் அடியோடு நிற்க வேண்டும். பாட்டில் அப்படி இல்லையென்றால், நடுவில் எங்காவது ஓங்கி அடிக்கும் ஓர் அடியை நகலெடுத்துக் கடைசியில் ஒட்டுங்கள். அந்த அடிக்கு ஒரு நிலை: கை இரண்டும் மேலே.

இதே காரணத்துக்காக, நடுவில் இசை நின்று மறுபடி தொடங்கும் பாட்டையும் சரிபாருங்கள். இரண்டு விநாடி மௌனம் வந்தாலே அரங்கம் கைதட்டிவிடும். கைதட்டினால் பிள்ளை கும்பிட்டுவிட்டு இறங்கிவிடும்.

வரிக்கு_வரி

சினிமாப் பாட்டே வேண்டாம் என்பது என் கட்சி. சண்டைக்குத் தயாராகவே சொல்கிறேன்.

பல்லவி நன்றாக இருக்கிறது என்று எடுப்பார்கள். சரணத்தில் காதலியின் இடுப்பு, இல்லாவிட்டால் மதுப்புட்டி, அரிவாள். மூன்று வயதுப் பிள்ளை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் வயது. கலவைப் பாட்டுகளில் நடுவே வசனம் வேறு வரும். முழுப் பாட்டையும் அச்சடித்து உரக்க வாசியுங்கள்; இசை இல்லாமல் வாசித்தால்தான் வரி என்ன சொல்கிறது என்று காதில் ஏறும்.

சின்னக்கால்

வரிக்கு_வரி சொன்ன வாசிப்புச் சோதனைய நான் ஒத்துக்கறேன், முடிவ ஒத்துக்கல. வெட்டிட்டா போச்சு. இரண்டரை நிமிஷத்துக்கு மேல எப்படியும் தேவையில்ல, வேண்டாத சரணம் தானா போயிடும். வரியே சரியில்லன்னா அதோட வாத்திய வடிவத்த எடுத்துக்கலாம். சினிமாப் பாட்டுல பிரச்சினை இன்னொண்ணு: பாட்டோட கூடவே அந்தத் திரையாட்டமும் வந்துடும். பாட்டு எடுத்தா ஸ்டெப்பயும் அங்கேருந்தே எடுத்துடறாங்க. அந்த இடுப்பசைவு பெரியவங்க உடம்புக்குக் கட்டினது.

ஆனா இதையும் சொல்லணும். குழந்தைப் பாட்டுன்னு வர்றதெல்லாம் ஆட்டத்துக்கு ஆகாது. நிறைய பாட்டு பாடறதுக்குக் கட்டினது. தாள வாத்தியம் மெலிசா இருக்கும், 20 விநாடியில முடிஞ்சுடும், அதையே ஆறு தடவை ஒட்டி நீட்டியிருப்பாங்க. ஆட ஆரம்பிச்சா தட்டு எங்கேன்னு தேடணும். சின்ன ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க. ஆழ்ந்த சத்தம் அதுல வராது. அப்பவும் கை தட்டற இடம் தெளிவா கேட்டா அது ஆட்டப் பாட்டு.

வரிக்கு_வரி

அது சரிதான். சிறுவர் பாட்டு என்று பெயர் வைத்தாலே போதும் என்றும் நான் சொல்லவில்லை.

வரியில் நான் பார்ப்பது வினைச்சொல். தட்டு, குதி, சுற்று, உட்கார், பற என்று வருகிற பாட்டில் பாதி வேலை முடிந்தது. ஆசிரியர் மேடைக்குக் கீழே நின்று கையசைக்கத் தேவையில்லை, பாட்டே சொல்லிக்கொடுக்கும். ஆனால் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே குறைந்தது இரண்டு தட்டு இடைவெளி வேண்டும். "குதி" என்ற சொல்லும் குதிக்க வேண்டிய தட்டும் ஒன்றாக இருந்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் பின்தங்கும். "குதி குதி" என்று சொல்லிவிட்டு நான்கு தட்டு வாத்தியம் மட்டும் வாசிக்கிற பாட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

பிள்ளைகள் வரியை நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்வார்கள். "ஓடி வா" என்று வந்தால் மேடை ஓரத்துக்கு ஓடும் பிள்ளை உண்டு. "தூங்கு" என்றால் படுத்துவிடும், அடுத்த வரிக்கு எழாது. அந்த வரிகளுக்கு நின்ற இடத்திலேயே செய்யும் அசைவைக் கொடுத்துவிடுங்கள். ஓடு என்றால் நின்ற இடத்தில் ஓட்டம்.

தாளக்கட்டு

போகப் போக வேகம் கூடும் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பறையில் அவ்வளவு சிரிப்பு வரும், பிள்ளைகளுக்கு உயிர். மேடையில் வேண்டாம், அல்லது உட்கார்ந்தபடி கைகளால் மட்டும் செய்யுங்கள். மூன்றாவது சுற்றில் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள்.

திஸ்ர நடைப் பாட்டுகளையும் மறக்காதீர்கள். மூன்று மூன்றாக, தகிட தகிட என்று ஊஞ்சல்போல் ஓடுவது. குதிரை ஓட்டத்துக்கும் இருபுறம் சாய்ந்தாடுவதற்கும் அதுதான் பொருத்தம். அதே பாட்டுக்கு அணிநடை போடச் சொன்னால் கால் சிக்கும். நான்கு நான்காக ஓடும் சதுஸ்ர நடையில் அணிநடையும் குதியும் நன்றாக வரும். அதில் குதிரை ஓட்டம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். நடையையும் ஸ்டெப்பையும் பொருத்திவிட்டால் எண்ணிச் சொல்லிக்கொடுக்கும் வேலை பாதியாகிவிடும்.

கூடைப்பந்து_டீச்சர்

எண்ணிக்கை சொல்லிச் சொல்லித்தரலாமா, வேண்டாமா? எங்கள் பக்கம் எல்லாரும் "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்றுதான் தொடங்குகிறார்கள்.

சின்னக்கால்

எட்டு உங்களுக்கு, பிள்ளைங்களுக்கு இல்ல. மூணு வயசுப் பிள்ளை எண்ணிக்கிட்டே ஆடாது, ரெண்டு வேலை. அவங்களுக்கு உருவம் கொடுங்க: "யானை நடக்குது", "மழை கொட்டுது", "பந்து துள்ளுது". உருவத்தச் சொன்னா எடை, வேகம், முகம் எல்லாம் சேர்ந்து வந்துடும். "காலை அகட்டி மெதுவா வை"ன்னு சொன்னா ஒண்ணுமே வராது.

இடது வலது சொல்லவே வேண்டாம். எதிர்ல நின்னு கண்ணாடி மாதிரி செய்யுங்க: அவங்க வலது கை தூக்கணும்னா நீங்க இடது கை. நிறைய பேர் "ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்"னு சொல்லிக்கொடுப்பாங்க. வகுப்புல அருமையா வேலை செய்யும். மேடைக்குப் போனா ஜன்னலும் இல்ல, கதவும் இல்ல. அதுக்குப் பதிலா எல்லார் வலது கையிலயும் ஒரே நிற ரிப்பன் பட்டி, முதல் ஒத்திகையிலிருந்து விழா வரைக்கும்.

ஒலிப்பெட்டி

மேடை ஒலி. பெரிய ஸ்பீக்கர்கள் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கும். பின்னால் நிற்கும் பிள்ளைக்கு வருவது குழம்பிய "பூம் பூம்" மட்டும்தான். தாளத்தின் கூர்மை மேல் சுருதிச் சத்தத்தில்தான் இருக்கிறது, அது ஸ்பீக்கரின் முகம் பார்க்கும் திசையில்தான் போகும். மேடை ஓரத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பிள்ளைகளைப் பார்த்து வையுங்கள். ஒத்திகையில் பிசகாமல் ஆடியவர்கள் மேடையில் பிசகினால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

சத்தம் எவ்வளவு? கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரல் உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அதிகம். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கும் நேரம் பாதியாகும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் அது நேராகப் பிள்ளையின் காது உயரத்தில் இருக்கும்; தாங்கியில் ஏற்றி, பிள்ளைகளிடமிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். சத்தத்துக்குக் கூசும் பிள்ளை இருந்தால் காதுறை போட்டுக்கொண்டே ஆடட்டும், அதையும் ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள்.

விளக்கு என்னுடைய துறை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னி அணையும் விளக்கு வேண்டாம். வலிப்பு வரும் தன்மை உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து.

மணிச்சத்தம்

ப்ளூடூத்தில் போட்டால் தாமதம் ஆகி ஆட்டம் பிசகுமே, கம்பி இழுக்க வேண்டுமா?

கூடைப்பந்து_டீச்சர்

ஆமாம், ப்ளூடூத்தில் பாட்டு பிந்தி வரும். பிசகும்.

ஒலிப்பெட்டி

தாமதம் உண்டு, ஆனால் ஆட்டம் அதனால் பிசகாது. பிள்ளைகள் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டுத்தான் ஆடுகிறார்கள். மொத்தப் பாட்டும் கால் விநாடி தள்ளி வந்தால் யாருக்கும் தெரியாது. பின்னால் திரையில் காணொளி ஓடினால், அல்லது ஒரு ஸ்பீக்கர் கம்பியிலும் இன்னொன்று ப்ளூடூத்திலும் இருந்தால்தான் சிக்கல்.

கம்பி வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. இணைப்பு நடுவில் அறும். கூட்டத்தில் எவருடைய போனாவது தானாக இணைந்துகொள்ளும். அழைப்பு வந்தால் மணியோசை அரங்கம் முழுக்கக் கேட்கும். விமான நிலையில் (ஏரோபிளேன் மோட்) வைத்த போன் அல்லது மடிக்கணினி, 3.5 மிமீ கம்பி. இணையத்திலிருந்து நேரடியாக ஓட்ட வேண்டாம், விளம்பரம் வரும். கோப்புகளுக்கு 01, 02, 03 என்று எண் வையுங்கள். "புதுசு கடைசி சரியானது" என்று பெயர் வைத்தால் ஒலிப்பதிவாளர் தப்பானதைத்தான் ஓட்டுவார். பென் டிரைவில் ஒரு நகல், ஃபேட்32 வடிவில். பழைய கருவிகள் வேறு வடிவத்தைப் படிக்காமல் போகலாம். தானாக அடுத்த பாட்டுக்குப் போகும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வரிசைப்பலகை

மேடை கணக்கு நான் தருகிறேன். நான்கு வயதுப் பிள்ளை இரண்டு கையையும் விரித்தால் ஏறக்குறைய அதன் உயரம்தான், ஒரு மீட்டர் பக்கம். ஆகவே பக்கத்துப் பிள்ளைக்கு நடுவே 1.2 மீட்டர் வையுங்கள். 7 மீட்டர் மேடையில் ஒரு வரிசைக்கு 5 பேர். 14 பேருக்கு 5, 4, 5 என்று மாறி மாறி, பின்னால் நிற்பவர் முன்னால் இருவரின் இடைவெளியில் தெரியும்படி. வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். முன்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் காலியாக விட்டு, தரையில் பளிச்சென்ற நாடா ஒட்டுங்கள்.

18 பேரை ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். ஒன்பது, ஒன்பதாகப் பிரித்து, முதல் பாதி ஆடும்போது மற்ற பாதி பின்னால் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி அமைக்கலாம். இல்லையென்றால் அதே பாட்டை இரண்டு முறை. அதே பாட்டு இரண்டு முறை வந்தால் பெற்றோருக்கு அலுக்கும் என்பது ஒரு பயம், அவ்வளவுதான். அவரவர் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

ஒவ்வொருவர் நிற்கும் இடத்திலும் ஓர் ஒட்டுப்படம். நிறத்தைவிட உருவம் நல்லது: ஒருவருக்கு மீன், ஒருவருக்கு நிலா. "உன் நிலாவுக்குப் போ" என்றால் போதும். வடிவ மாற்றம் பெரிய குழுவுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒருமுறை, வட்டமாக மாறித் திரும்புவது. அதற்கு இரண்டு எட்டு ஒதுக்குங்கள். ஓர் எட்டில் முடிவதில்லை.

சின்னக்கால்

18 பேரையும் ஒண்ணா ஏத்தலாம், மூணு வரிசைல ஆறு ஆறு பேரா, இடைவெளிய ஒரு மீட்டராக் குறைச்சு. ஆனா அப்போ கை விரிக்கற ஸ்டெப்பையும் பக்கவாட்டு நகர்வையும் எடுத்துடணும். எல்லாம் மேல கீழ அசைவுதான். பாட்டு அதுக்கு ஏத்த மாதிரி துள்ளலா இருந்தா நல்லாவே இருக்கும். சுத்தற ஸ்டெப் ஒண்ணு வச்சா நாலு எண்ணிக்கைக்கு ஒரு சுத்து, அதுக்கப்புறம் ஒரு எட்டு நின்ன இடம். தொடர்ந்து ரெண்டு சுத்து போட்டா தலை சுத்தி முகம் பின்பக்கம் பாக்கும்.

வரிசைப்பலகை

அந்த நிபந்தனையோடு சரி. முகம் பின்பக்கம் பார்ப்பது பற்றி: அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திருப்பாதீர்கள், கூப்பிட்டால் இறங்கி வந்துவிடும். அடுத்த பல்லவியில் தானே திரும்பும்.

கூடைப்பந்து_டீச்சர்

கையில் பொருள் ஏதாவது கொடுக்கலாமா? பலூன்?

சின்னக்கால்

பலூன் வேண்டாம். ஒண்ணு வெடிச்சா நாலு பேர் அழுவாங்க, வெடிச்ச துண்டு வாய்க்குப் போனா மூச்சையே அடைக்கும். குச்சியும் வேண்டாம். மெல்லிய துணி, அரை மீட்டருக்குள்ள, மணிக்கட்டுல மாட்டற மாதிரி வளையத்தோட. கீழ விழாது. கையில புடிச்சுக்கற பொருள் கொடுத்தா கை தட்டற ஸ்டெப் போச்சுன்னு அர்த்தம், அதையும் கணக்குல வச்சுக்கோங்க. மூணு வயசுக்குக் கீழ உள்ள குழுவுக்கு மணி, பாசி தச்ச எதுவும் வேண்டாம். 3 செமீக்குச் சின்னதா கழண்டு விழற எதுவும் வாய்க்குத்தான் போகும். உடை கணுக்காலுக்கு மேல நிக்கணும். வெறும் சாக்ஸோட மேடை ஏத்தாதீங்க, வழுக்கும்.

மணிச்சத்தம்

நான்கு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

தாளக்கட்டு

முதல் வாரம் ஆட்டமே இல்லை. விளையாட்டு நேரத்தில் பாட்டை ஓட்டுங்கள். பிள்ளைகள் தாங்களாகச் செய்கிறதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு உங்கள் ஸ்டெப்பாகிவிடும். இந்த வாரத்திலேயே பாட்டு எடுபடவில்லை என்று தெரிந்தால் மாற்றுங்கள். இரண்டாவது வாரம் பாதி கடந்தபின் மாற்றினால் நேரம் போதாது.

இரண்டாம் வாரம் பல்லவி மட்டும். மூன்றாம் வாரம் சரணமும் நிற்கும் இடமும். நான்காம் வாரம் மேடை, உடை, உண்மையான ஸ்பீக்கர். ஒவ்வொரு நாளும் 10 முதல் 15 நிமிடம், இரண்டு முறை ஓட்டினால் போதும். வெட்டிய கோப்பைத்தான் முதல் நாளிலிருந்தே போட வேண்டும். முழுப் பாட்டில் பழக்கிவிட்டுக் கடைசியில் வெட்டியதைக் கொடுத்தால், வெட்டு விழுந்த இடத்தில் எல்லாரும் நிற்பார்கள். விழா நாள் காலையில் முழு ஒத்திகை வேண்டாம், மேடையில் ஒரு தடவை நடந்து அவரவர் படத்தில் நின்றுவிட்டு வரட்டும்.

ஏறவும் இறங்கவும் பாட்டு தனி. ஆட்டப் பாட்டின் முன்னிசையில் ஏற்றினால் கடைசிப் பிள்ளை வருவதற்குள் பல்லவி போய்விடும். மெல்லிய இசை 30 விநாடி ஏறுவதற்கு, எல்லாரும் நின்றபின் ஆட்டப் பாட்டு, இறங்க இன்னொரு 30 விநாடி. இறங்கும் இசையை வகுப்பில் பையை எடுக்கும்போது தினம் ஓட்டிப் பழக்கிவிட்டால், அது கேட்டதும் கால் தானாக நடக்கும்.

வரிக்கு_வரி

எல்லாப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து ஆடும் நேரம் ஒன்று கடைசியில் வைப்பார்களே, அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள். ஸ்டெப் கிடையாது, 15 நிமிடம், இரண்டு நிமிடப் பாட்டு ஏழு போதும். 110இல் தொடங்கி 130 வரை ஏற்றி, நான்காவதாக உறைந்து நிற்கும் விளையாட்டு, பிறகு மெல்ல இறக்கி, கடைசிப் பாட்டு 80க்குக் கீழ், உட்கார்ந்து அசையும்படி. உச்சத்தில் நிறுத்தினால் அடுத்த கால் மணி நேரம் யாரையும் உட்காரவைக்க முடியாது. பெரியவர்கள் கால் பட்டு மிதிபடாமல் இருக்க இரண்டரை வயதுக் குழுவை மேடைமேலோ தனி மூலையிலோ விடுங்கள்.

கூடைப்பந்து_டீச்சர்

மேடையில் ஏறியதும் அழும் பிள்ளை? ஆடாமல் நிற்கும் பிள்ளை?

சின்னக்கால்

ஆடாம நிக்கறது பிரச்சினையே இல்ல, விட்டுடுங்க. அழறவங்கள ஓரத்துல நிக்கற ஆசிரியர் கூட்டிட்டு வந்துடணும். அதனால வரிசையில கலங்கற சுபாவம் உள்ள பிள்ளைய நடுவில நிறுத்தாம ஓரத்துல நிறுத்துங்க, ஆனா முன்வரிசையில வேண்டாம். ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொருத்தர், மேடைக்குக் கீழ நடுவுல ஒருத்தர் உக்காந்து கண்ணாடி மாதிரி ஆடிக்காட்ட. நின்னு ஆடிக்காட்டினா பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும், பிள்ளையும் அவங்களையே பாத்துத் தலைய நிமித்தும். கீழ உக்காந்திருக்கறவங்க அடுத்த ஸ்டெப்ப ரெண்டு தட்டு முன்னாடியே ஆரம்பிக்கணும். கூடவே ஆரம்பிச்சா மொத்தக் குழுவும் ரெண்டு தட்டு பின்னாடி ஓடும்.

மணிச்சத்தம்

இரண்டு பாட்டு கைவசம் இருந்தது. ஒன்று 15 விநாடிக்கு 22 தட்டு, பல்லவி ஒரே முறை. அது போயிற்று. இன்னொன்று 31 தட்டு, பல்லவி நான்கு முறை வருகிறது, ஆனால் தேய்ந்து முடிகிறது, இரண்டாம் சரணத்தில் ஒரு வரி சரியில்லை. இரண்டாம் சரணத்தை வெட்டி, கடைசியில் ஓர் அடி ஒட்டினால் நடுக் குழுவுக்கு ஆகுமா?

ஒலிப்பெட்டி

ஆகும். 31 தட்டு என்றால் 124, ஓர் எட்டு 3.9 விநாடி. இரண்டு நிமிடத்துக்குக் கீழே 30 எட்டு அடங்கும். ஒட்டும் அடியை அதே பாட்டின் பல்லவி முடிவிலிருந்து எடுங்கள், வேறு இடத்திலிருந்து எடுத்தால் சுருதி இடிக்கும்.